பதினோரு வருஷத்து அந்துப்பூச்சி

இல்ல, அந்த நாற்காலி வேணாம், அதுல இலை காய வெச்சிருக்காரு. இப்படி உக்காருங்க, மிஸ்டர் பிரிட்சர்ட். எங்க வீட்டுக்காரரு டெஸ்மண்ட் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஓக் மரத்தடியிலதான் நிப்பாரு, வேற எங்க போகப் போறாரு. உங்கள வரச்சொல்லி எழுதினது நான். அவருக்குத் தெரியாது.

பால் ஊத்தலாமில்ல? சரி.

உங்களத் தப்பு சொல்லல. இந்த மாவட்டத்துல எந்தெந்த அந்துப்பூச்சி இருக்குன்னு எழுதற பதிவேடு உங்க கையில, விதின்னா விதிதான். ஆனா பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அவரு கண்ட பூச்சிக்கு உங்ககிட்டேருந்து அதே கடிதாசி: ஏற்க இயலாது, மாதிரி அனுப்பவும். மாதிரின்னா என்ன, செத்த பூச்சி. என் நகத்துல பாதிகூட இல்ல அது. அதே மாதிரி இன்னொரு இனம் வேற இருக்காம், வயித்து நுனிய அறுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் எது எதுன்னு தெரியுமாம். விளக்க வேணாம், எனக்கே மனப்பாடம்.

அவரு கொல்ல மாட்டாரு. மே மாசம் புழு இருக்கிற கிளையாப் பாத்து என் பழைய நைலான் காலுறைய மாட்டி முடிச்சுப் போடுவாரு, குருவி கொத்தாம இருக்க. சிரிக்காதீங்க. என்னம்மா இன்னுமா காயலன்னு போஸ்ட்மேன் கேட்டுட்டுப் போறான். கூடு கட்டினதும் ஜாம் பாட்டில். பூச்சி வெளிய வந்ததும் சின்ன டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜுல, வெண்ணெய்க்குப் பக்கத்துல. குளிர்ல அசையாதில்ல, படம் எடுக்க. அப்புறம் அதே மரம், அதே கிளை, விட்டுடுவாரு. படத்த உங்களுக்கு அனுப்புவாரு. நீங்க கடிதாசி அனுப்புவீங்க.

கடிதாசி வந்தா ரெண்டு நாள் இப்படித்தான். நான் எதிர்ல உக்காந்து உருளைக்கிழங்க மென்னுட்டிருப்பேன், அவரு ஜன்னல் வழியா மரத்தப் பாப்பாரு. ஒண்ணே ஒண்ணக் கொன்னாத்தான் என்னன்னு ஒரு தடவ கேட்டேன். எந்த ஒண்ணுன்னு நீயே சொல்லுன்னாரு.

இப்ப கண்ணு வேற மங்கிட்டு வருது. அடுத்த மே மாசம் புழு தெரியாது அவருக்கு. இதான் கடைசி.

ஆமா, இந்த வருஷம் கூட்டுலேருந்து வெளிய வந்த பூச்சி ஒண்ணுதான், நேத்து. ஃபிரிட்ஜுல பாக்காதீங்க, அங்க இல்ல. மேல ஃப்ரீஸர்ல, பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னாடி. தவறிப்போய் இல்ல. காலையில அவரு பூட்ஸ் மாட்டிட்டிருந்தப்போ வெச்சேன்.

அதுவாச் செத்துச்சுன்னு நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்.