என் மகள் ஓட்டிய காரில் யார் உட்காருவது?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று நடுநாயகமாக அமர்ந்திருக்கும் எங்கள் டீம் முதலாளி, லேத்துப் பட்டறையில் இரும்பு கடைந்து சம்பாதித்ததையெல்லாம் ரேஸ் காரில் கொட்டி, அதற்காக வீட்டம்மாவிடம் இன்றைக்கும் வசவு வாங்கிக்கொண்டிருக்கும் தம்பிதுரை ஐயா அவர்களே! சிரிக்காதீர்கள், அந்த அம்மாவும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டும் மேடைக்கு வராமல், கிரீஸ் படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணோரம் நிற்கும் மெக்கானிக் கருப்புசாமி அண்ணன் அவர்களே! துடியலூரின் இந்தக் கல்யாண மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியவர்களே! பிள்ளை பெற்ற தாய்மார்களே, பிள்ளைக்காகக் கோயில் சுற்றும் தாய்மார்களே, பிள்ளையைப் பறிகொடுத்த என்னைப் போன்ற தாய்மார்களே! உக்கடத்திலிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, உட்கார நாற்காலி இல்லாமல் நிற்கும் ரேஸ் பார்க்கும் கண்மணிகளே! உங்கள் எல்லோருக்கும் இளவேனிலின் அம்மா ராசாத்தாளின் வணக்கம்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றுகிறேன். கம்பி சுற்றத் தெரியும், பேச்சைச் சுற்றத் தெரியாது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் என் மகள் போய்விட்டாள். ரேஸில் போகவில்லை. அத்தனை வேகத்திலும் அவளை ஒன்றும் செய்யாத சாமி, ஒரு காய்ச்சலில் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் ஓட்டிய கார் ஐயாவின் பட்டறையில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. இந்த வருஷ ரேஸ் தொடங்கப் போகிறது. அந்தக் காரை ஓட்டுகிறேன் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். யார் அவள்? வேறு யாராவது என்றால் நமக்குச் சண்டையே இல்லையே! வந்திருப்பவள் சண்முகப்ரியா. என் மகளை அஞ்சு வருஷம் துரத்தியவள். என் மகளால் அஞ்சு வருஷம் துரத்தப்பட்டவள். நாட்டிலேயே நல்ல கார் வைத்திருக்கும் பெரிய டீமை விட்டுவிட்டு, நம் பட்டறை வாசலில் வந்து நிற்கிறாள். இங்கேயும் இடமில்லை என்றால் இந்த வருஷம் அவளுக்குக் காரே கிடையாது.

அவள் உட்காரலாமா, கூடாதா? ராசாத்தாள் சொல்லட்டும் என்று எல்லோரும் என் தலையில் போட்டுவிட்டார்கள்.

யாரது, பின்னால் கத்துவது? "வேண்டாமுங்க்கா! எங்க வேனிலு சீட்டுல அவ உக்காரக் கூடாதுங்க்கா!" கேட்கிறது தம்பி, காது நன்றாகவே கேட்கிறது. கொஞ்சம் பொறு சாமி. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

இரண்டு பெண்களையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஹெல்மெட் போட்டுத்தானே தெரியும்? ஹெல்மெட்டுக்குள்ளே இருந்ததை நான் சொல்கிறேன்.

என் மகள் சிரித்துக்கொண்டே சீறுவாள், பாடிக்கொண்டே பாய்வாள். காருக்குள் உட்கார்ந்தால் பாட்டு. திருப்பத்தில் எல்லோரும் பிரேக்கை மிதித்த பிறகு இவள் மிதிப்பாள். "ஏம்மா, பயமா இல்லையா?" என்று கேட்டால், "பயந்துக்கிட்டேதாம்மா மிதிக்கறேன். ஆனா கடைசியா மிதிக்கறேன்" என்பாள். ப்ரியா அப்படியில்லை. தோட்டமும் மில்லும் இருக்கிற வீட்டுப் பெண். சிரிப்பு வராது, கோபம் வரும். தோற்றால் கையுறையைக் கழற்றித் தரையில் அடிப்பாள். ஜெயித்தாலும் அடிப்பாள்! ஆம்பளைப் பிள்ளைகள் அத்தனை பேர் ஓட்டுகிற இடத்தில் இவர்கள் இரண்டே பெண்கள். ஒன்றாக இருக்க வேண்டாமா? ஒருத்தி இருந்த பக்கம் இன்னொருத்தி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

ஒருமுறை செட்டிபாளையம் ரேஸ் மைதானத்தில், கடைசித் திருப்பத்தில், இரண்டு காரும் உரசி மண்ணுக்குள் போய்விட்டன. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். முதலில் இறங்கியவள் ப்ரியா.

"ஏண்டி, உனக்குக் கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?"

என் மகள் சும்மா இருப்பாளா? "பொடனில இருந்திருந்தா நீ வந்து இடிக்கறது தெரிஞ்சிருக்குமே!"

கொடி காட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என் மகள் சொன்னாள்: "அந்தத் திருப்பத்துல உள்பக்கமா வர்றதுக்கு வேற யாருக்கும்மா தைரியம் வரும்? அவ ஒருத்திக்குத்தான் வரும்." திட்டினாளா, மெச்சினாளா? எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

புரிந்தது அடுத்த வருஷம்.

ப்ரியா ஓட்டிய அதே பெரிய டீமிலிருந்து என் மகளுக்கும் அழைப்பு வந்தது. புது கார், புது டயர், வெளிநாட்டில் பயிற்சி. நம் ஐயாவே, "போ அம்மணி, என்கிட்ட இருந்தா உனக்குப் பழைய இரும்புதான்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஒரு பெரிய காரியம் என்றால் என்ன செய்வோம்? மாரியம்மனிடம் போய்ப் பூக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் போ, சிவப்பு வந்தால் இரு. சம்பந்தம் பேசவும் கேட்போம், கிணறு வெட்டவும் கேட்போம். ரேஸ் டீம் மாறுவதற்குப் பூக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்! பூசாரி, "என்ன காரியமுங்?" என்றார். "கார் மாத்தறதுங்" என்றேன். "பழைய வண்டிய வித்துப்போட்டீங்களா?" என்றார்!

வெள்ளைதான் வந்தது. ஆத்தாளே போகச் சொல்லிவிட்டாள். நான் கற்பூரம் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் என் மகள் சொல்கிறாள்:

"நான் போகலம்மா."

"ஏன் கண்ணு? சாமி சொல்லிருச்சே!"

"நீ சாமிகிட்டக் கேட்ட. என்கிட்டக் கேக்கவே இல்லியே."

"செரி, உன்கிட்டக் கேக்கறேன். ஏன் போகல?"

"அங்க போனா ப்ரியாவும் நானும் ஒரே டீம். முதலாளி சொல்ற ஆளு முன்னாடி போகோணும், இன்னொருத்தி வழி உடோணும். அப்புறம் நான் யாரைத் தொரத்தறது? என்னை யாரு தொரத்தறது?"

கேட்டீர்களா தாய்மார்களே! வெளிநாட்டை விட்டாள், புதுக் காரை விட்டாள், தன்னைத் துரத்துகிறவளை மட்டும் விட மாட்டேன் என்றாள். பகை என்று ஊர் சொன்னது. பகைக்காக யாராவது இவ்வளவு விடுவார்களா? அதற்கு என்ன பேர் என்று அஞ்சாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்த ஒரு நாள், ப்ரியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"உள்ள வா அம்மணி."

"அம்மா, நான் டீமை விட்டுட்டு வந்துட்டேனுங்க."

"ஏன் சாமி, சண்டையா?"

"சண்டை இல்லீங்க. அஞ்சு வருஷமா நான் அவ காரோட பின்பக்கத்தைத்தாங்க பாத்துட்டு இருந்தேன். எங்க பிரேக் புடிக்கறா, எங்க உள்ள திரும்பறான்னு பாத்துப் பாத்துத்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். இப்ப முன்னாடி யாருமே இல்லீங்க. அந்தக் காருக்குள்ள இருந்து அவளுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு நான் ஒருக்காப் பாக்கோணுமுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். கையுறை இல்லை, இருந்திருந்தால் தரையில் அடித்திருப்பாள்.

அவளைப் பற்றி என்ன பேச்சு தெரியுமா ஊரில்? "செத்தவ சீட்டுக்கு ஆசைப்பட்டு வந்துட்டா" என்கிறார்கள். நல்ல காரை விட்டுப் பழைய காருக்கு ஆசைப்படுகிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? அவள் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் அம்மா மட்டும் வந்திருக்கிறார்கள், அதோ மூன்றாவது வரிசையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அம்மணி, என்னைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் மகளை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். என் மகளுக்குப் பதில் மகள் என்று எதுவும் கிடையாது.

சரி, இப்போது முடிவுக்கு வருகிறேன். இங்கே மேஜையில் ஒரு தாம்பாளம் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பொட்டலம். எடுத்துக்கொடுக்க ஐயாவின் பேத்தி நவ்யாக்குட்டி பட்டுப்பாவாடை கட்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள். வருவதற்கு முன்னால் ஐயா என்னிடம், "ராசாத்தா, நீ ஒண்ணும் சொல்லோண்டாம். பூவுக்கே உட்டுடலாம். உனக்கும் பொல்லாப்பு இல்ல" என்றார். நல்ல மனது அவருக்கு.

வேண்டாமுங்க ஐயா. நவ்யாக்கண்ணு, நீ அந்த ரெண்டு பூவையும் பிரித்துத் தலையில் வைத்துக்கொள். வெள்ளையும் நன்றாக இருக்கும், சிவப்பும் நன்றாக இருக்கும். ஆத்தாளுக்கு ஆயிரம் வேலை. இது என்னைக் கேட்ட கேள்வி. நான்தான் சொல்ல வேண்டும்.

ப்ரியா ஓட்டட்டும்!

கை தட்டுகிறவர்கள் தட்டுங்கள். வேண்டாம் என்று கத்திய தம்பி, உனக்கும் நன்றி. வேனிலை மறக்க மாட்டேன் என்றுதானே நீ கத்தினாய்? அதில் எனக்கு என்ன வருத்தம்?

கண்ணு ப்ரியா, எழுந்து நில். உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்தக் காரில் சீட்டு என்பது என்ன என்று ஊருக்குத் தெரியாது. பையில் நுரையை ஊற்றி, ஓட்டுகிறவளை அதன்மேல் உட்காரவைத்து, அது இறுகும் வரை அசையாமல் வைத்திருப்பார்கள். அவள் முதுகு எப்படியோ அப்படியே சீட்டு. அன்றைக்கு நானும் பட்டறையில் இருந்தேன். "அம்மா, சிரிக்க வெக்காத, முதுகு கோணையாப் போயிரும்" என்றாள். நான் சிரிக்க வைத்துவிட்டேன். இடப்பக்கம் ஒரு கோணல் இப்போதும் இருக்கிறது. கருப்புசாமி அண்ணா, அதைக் கழற்றிவிடுங்கள். ப்ரியாவுக்குப் புதிதாக ஊற்றுங்கள். அவள் முதுகு வேறு, இவள் முதுகு வேறு. என் மகளின் பள்ளத்துக்குள் உட்கார்ந்து இவள் இடுப்பு நோக வேண்டாம்.

காரில் என் மகள் படம் ஒட்ட வேண்டாம். அவளுக்காக ஜெயிக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம். செத்தவளுக்காக ஓட்டினால் காலில் கல் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி இருக்கும். உனக்காக ஓட்டு. தோற்றால் கையுறையை அடி, எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். என் மகள் காய்ச்சலை என்னிடம் மறைத்தாள். சொன்னால் காரில் ஏற விட மாட்டார்கள் என்று, மாத்திரையை விழுங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். எனக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. அதனால் கண்ணு, உடம்பு சுட்டால் சொல். தலை வலித்தால் சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். உன் அம்மாவிடம் சொல், ஐயாவிடம் சொல், அவர்களிடம் வாய் வரவில்லையென்றால் ராசாத்தாளிடம் சொல். ரேஸ் அடுத்த வாரமும் வரும். நீ வருவாயா? சொல்கிறேன் என்று இந்தச் சபையில் சொல்.

மைக் எதற்கு, அங்கிருந்தே சொல், எனக்குக் கேட்கும்.

"சொல்றேனுங்கம்மா."

போதும் சாமி. அதற்குமேல் எனக்கு வேண்டியதில்லை.

முதல் ரேஸ் அன்றைக்கு நானும் வருவேன். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. எப்படித் தாங்குவேன் என்று தெரியாது, ஆனால் வருவேன். இடம் பிடித்து வைப்பவர்கள் எனக்கும் சேர்த்துப் பிடியுங்கள். இவ்வளவு நேரம் ஒரு தாய் உளறியதைக் காது கொடுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடு. பந்தி தயாராக இருக்கிறது, பசியோடு யாரும் போகக்கூடாது. சாப்பிட்டுவிட்டு வண்டி எடுப்பவர்கள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். வேகமாகப் போவதற்கு நம் பெண் ஒருத்தி இருக்கிறாள்.

வணக்கமுங்க.