வெளியே நீண்ட கை

உடுப்பிட்டி பஸ்ஸில் எனக்கு அடுத்த ஆசனத்தில் குருநகர் மீன்காரி ஒருத்தி இருந்தாள். பின்னால் வந்த கார் நெடுநேரம் ஹோர்ன் அடித்தும் டிறைவர் நடுத்தெருவை விடவில்லை.

"பொம்பிளை ஓடுற காருக்கோ நான் விலத்துறது?"

காரை ஓட்டிய பெண், முந்தப்போவதற்கு அடையாளமாக வலக்கையை வெளியே நீட்டிக் காட்டி, மணலோரம் இறங்கி, பஸ்ஸை முந்திப் போனாள்.

மீன்காரி டிறைவரைப் பார்த்துக் கைதட்டினாள். "பாத்தியே தம்பி, கை காட்டிப்போட்டெல்லோ போறா! நீ எண்டைக்காவது காட்டினனியே?"

"என்ரை பஸ்ஸுக்கு என்னத்துக்குக் கை? சத்தத்துக்கே எல்லாரும் ஒதுங்குவினம்."

"அவ ஒதுங்கேல்லையே!"

பஸ் முழுவதும் சிரித்தது.

சற்றுத் தூரத்தில் புகையிலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றை முந்த வேண்டியிருந்தது. டிறைவர் ஒருவரையும் பார்க்காமல் வலக்கையை மெல்ல வெளியே விட்டான்.

"நல்லா நீட்டு தம்பி!" என்று கத்தினாள் மீன்காரி. "மழை தூறுதோ எண்டு பாக்கிறமாதிரியெல்லோ நீட்டுறாய்!"