முறுக்காத மோட்டார்

மலேசியாவில், லூனாஸிலிருந்து கூலிம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாள்:

"அதோ பின்னால மோட்டார் சைக்கிள்ல மெதுவா உருட்டிக்கிட்டு வர்றாரே, அவருதான் என் வீட்டுக்காரரு."

"உன்னை பஸ்ல ஏத்திட்டு அவரு ஏன் தனியா வர்றாரு? சண்டையா?"

"அதெல்லாம் இல்லலா, அக்கா. ஆஸ்பத்திரியில காட்டத்தான் போறோம். எஞ்சினைப் பிரிச்சுப் புது பிஸ்டன் போட்டிருக்கு. அது பழகுற வரைக்கும் ஆள் ஏத்தக் கூடாது, வேகமா முறுக்கவும் கூடாதுன்னு பட்டறையில சொல்லியிருக்காங்க."

"ஆம்பிளைங்க அதையெல்லாம் கேப்பாங்களா?"

"போன தடவ கேக்கல. பிஸ்டன் போட்ட கையோட கூட்டாளிங்களோட ரேஸ் விட்டாரு. அப்புறம் நான் வலியோட பின்னால உக்காந்து போறப்ப, பாதி வழியில எஞ்சின் இறுகி நின்னுடுச்சு. மூத்தவ ரப்பர் மரத்தடியிலதான் பொறந்தா."

அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றது. பின்னால் இறக்கத்தில் வந்த ரொட்டிக்காரர், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே மோட்டாரை முந்திப் போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். மோட்டார்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி சொன்னாள்:

"முறுக்கல, பாத்தீங்களாக்கா? இந்தப் பிள்ள ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் பொறக்கும்."