முதல் கூப்பாடு

பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் மத்தியானப் பேருந்து. என் முன் சீட்டில் கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் சின்ன வீடியோ கேம்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?"

"ஜப்பான் பேய்க்கதைக்கா, ரெண்டாவது பார்ட்டு. ஆத்துலேர்ந்து பேரு சொல்லி கூப்புடுது. 'ஏன்'னு பதில் குடுக்குற பட்டன அமுக்கிட்டேன், ஆளு ஆத்துக்குள்ள பூட்டா."

"மொத தபாவேவா? பேய் ஒரு தபாதான் கூப்புடும். மூணு தபா கூப்ட்டாதான ஏன்னு கேக்கணும்!"

"மொத பார்ட்டுல இது இல்லியேக்கா."

"யாரு பேரு போட்டு ஆடிகினு கீறே?"

"தங்கச்சி பேரு."

இளையவளின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, கேமை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கம்மா. தங்கச்சி ஏன்னு கொரல் குடுத்துகினே செய்யாத்துப் பக்கம் போச்சாம். இன்னும் வூட்டுக்கு வரலியாம்."

"யாருடி கூப்ட்டது?"

"நான்தான் கூப்ட்டேனாம்க்கா."