நடந்து வந்து அவஸ்தைப்பூசுதல் கேட்ட ஜெசிந்தா

...அதனால அன்பானவங்களே, ‘தாயா, பிள்ளையா?’ன்னு யாராவது கேட்டா பட்டுன்னு ஒரு பக்கம் சாஞ்சிடாதீங்க. பின்னாடி விசிறிக்கிட்டிருக்கிற அண்ணாச்சிமாரே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. ஒரு சின்னக் கதை இருக்கு. இதுல வசமா மாட்டிக்கிறவரு வேற யாரும் இல்ல... நான்தான்!

நான் முன்னாடி சாமியாரா இருந்த பங்கு, கடற்கரை ஊரு. அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் கஸ்பார், படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு அவங்களுக்கு ஒரு பிள்ளை உண்டாயிருந்துச்சு.

ஒரு நாள் காலைப் பூசை முடிஞ்சு, கோயிலை ஒட்டி நான் தங்குற அறைவீட்டுல இட்லியைப் பிட்டு வாயில வைக்கிறேன்... வாசல்ல ஜெசிந்தா. அஞ்சு மாச வயிறு. தலை நிறைய பூ. நல்ல சேலை.

“சாமி, எனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுங்க.”

அவஸ்தைப்பூசுதல்! நம்ம ஆளுங்க அதை எப்பக் கேப்பாங்க? மூச்சு இழுக்கும்போது, கடைசியா எண்ணெய் பூசி செபிக்கக் கேப்பாங்க. அதுவும் யாரு கேப்பா? சொந்தக்காரங்க ஓடி வந்து கேப்பாங்க. இந்தப் பொண்ணு பூ வச்சுக்கிட்டு, தானே நடந்து வந்து கேக்குது! அவ வண்டில ஏற மாட்டேன்னதால, பின்னாலேயே பைக்கை உருட்டிக்கிட்டு கஸ்பார் வேற!

“எதுக்கும்மா?”ன்னேன்.

“மார்புல கட்டி சாமி. கேன்சராம். பெரிய ஆஸ்பத்திரியில, பிள்ளையைக் கலைச்சாத்தான் வைத்தியம்னுட்டாங்க. மாட்டேன்னு வந்துட்டேன். எனக்கு வைத்தியமும் வேண்டாம். பிள்ளை பொறக்கட்டும்... நான் போறேன்.”

“கலைக்க வேண்டாம், சரி. வைத்தியம் ஏம்மா வேண்டாம்?”

“அந்த மருந்து பிள்ளையைத் தொட்டுட்டா? அதுவும் கொலைதானே சாமி? தவக்காலப் பிரசங்கத்துல நீங்கதானே மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னீங்க!”

சொன்னேன்... தட்டினேன்... எல்லாம் உண்மைதான். ஆனா அதுக்கு அடுத்ததைச் சொன்னேனா? சொல்லல! பூசை நீளுதேன்னு பாதியில இறங்கிட்டேன். என் பாதிப் பிரசங்கத்தைக் கேட்டுட்டு, ஒரு பொண்ணு சாகத் தயாராகி வந்து நிக்கிறா. இட்லித் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்தேன்.

வெளிய கஸ்பார் அழுதுக்கிட்டே சொல்றாரு: “எனக்கு ரெண்டு பேரும் வேணும் சாமி.”

அப்படியே ரெண்டு பேரையும் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க எமரன்சியா சிஸ்டர். சிஸ்டர்னா நர்ஸ் இல்ல, டாக்டரம்மா! ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்தாங்க. “வைத்தியம் பாவம்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

ஜெசிந்தா விரலை நீட்டி... என்னைக் காட்டினா!

சிஸ்டர் கண்ணாடிக்கு மேல பார்த்தாங்களே ஒரு பார்வை... “ஃபாதர், அடுத்த தடவை முழுசாச் சொல்லுங்க.”

அப்புறம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. “இங்க பாரும்மா. பிள்ளையைக் கொல்ல மாட்டோம். உன்னையும் சாக விட மாட்டோம். கட்டியை எடுப்போம். கேன்சருக்குப் போடுற ஊசி மருந்தை முதல் மூணு மாசம் குடுக்கக் கூடாது. நீ அதைத் தாண்டிட்ட, குடுக்கலாம். பிள்ளைக்கு ஆபத்தே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நாம குறி வைக்கிறது நோயை. பிள்ளையை இல்ல.”

ஜெசிந்தா வயித்தைத் தடவிக் குடுத்தா. அப்புறம், “சரி டாக்டரம்மா”ன்னா.

ஆபரேஷனுக்கு முன்னாடி அவ கேட்டபடியே எண்ணெய் பூசினேன். “இது போறதுக்குப் பூசுறதில்லம்மா. எழுந்து வர்றதுக்குப் பூசுறது”ன்னேன்.

ஊசி போடப் போட முடி கொட்டுச்சு. தலை மொழுமொழுன்னு ஆயிடுச்சு. தெருவுல கூடி செபிக்கிற அன்பியத்துப் பெண்களுக்கு விஷயம் தெரியாது. மொட்டையைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு வேற என்ன தோணும்? “ஏட்டி ஜெசி! எங்களுக்குச் சொல்லாமலே வேளாங்கண்ணி போயிட்டு வந்துட்டியா? பொரி எங்கட்டி?” இவளுக்குச் சிரிப்பு தாங்கல. கஸ்பார் கடைக்கு ஓடிப் போய்ப் பொரி வாங்கிட்டு வந்து குடுத்தாரு!

கர்ப்பம் எட்டு மாசம் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை... பொம்பளப் பிள்ளை! அழுத அழுகை வாசல் வரைக்கும் கேட்டுச்சு. தலை கொள்ளாத முடி அதுக்கு! மறுவருஷம் நிஜமாவே வேளாங்கண்ணி போனோம். ஜெசிந்தாவுக்கு அப்பத்தான் ரெண்டு விரக்கடை முடி வளர்ந்திருக்கு. மொட்டை எடுக்கிறவர் கேட்டாரு: “அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தா?”

“பிள்ளைக்கு மட்டும் எடுங்கண்ணே. மாதாவுக்கு என் பங்கு போன வருஷமே குடுத்தாச்சு!”

சிரிக்கிறீங்க... அங்க நாங்களும் சிரிச்சோம். கஸ்பார் மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் போய் அழுதாரு. சந்தோஷம்யா, சந்தோஷம்!

அன்பானவங்களே, அன்னைக்கு மேசையைத் தட்டிட்டு விட்டுட்டுப் போன பாதியை இன்னைக்குச் சொல்றேன். வயித்துல இருக்கிற பிள்ளையைக் கொல்லக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதுல திருச்சபை அசையாது. ஆனா, தாயே நீ செத்துப்போன்னு திருச்சபை சொல்லுதா? எங்கேயும் சொல்லல! தாயோட உயிருக்கு ஆபத்துன்னா, தாயோட நோய்க்கு வைத்தியம் பாருங்க. தள்ளிப்போட முடியாத அந்த வைத்தியத்துல, நாம நினைக்காம, நாம விரும்பாம பிள்ளை போயிட்டா... அழுவோம். சேர்ந்து அழுவோம். ஆனா அந்தத் தாயைக் கொலைகாரின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. பயத்துல வேற முடிவெடுத்துட்டு, அந்தக் காயத்தோட இங்க யாராவது உட்கார்ந்திருந்தா... வாங்கம்மா. திட்ட மாட்டேன். ஆண்டவர் மன்னிக்கிறவரு.

எல்லார் கதையும் ஜெசிந்தா கதை மாதிரி முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ‘தாயா, பிள்ளையா?’ன்னு உங்ககிட்ட யாராவது கேக்குற அன்னைக்கு, பைக்கை உருட்டிக்கிட்டு வந்த கஸ்பாரை நினைச்சுக்கோங்க. அந்த மெக்கானிக் சொன்னதுதான் திருச்சபையோட ஆசையும். என்ன சொன்னாரு? சத்தமா, எல்லாரும் சொல்லுங்க பார்ப்போம்...

“ரெண்டு பேரும் வேணும்!”