சன்னாசி ஆட்டிய தலை

மணி நாலரை. விடியலுக்கு முந்திய கருக்கல். லாபு ரோட்டில் சன்னாசி மண்டோர் தனியாக நடந்துகொண்டிருந்தார்... தோளில் ஒரு கோணிப்பை. இடுப்பில் ஒரு கத்தி. கையில் விளக்கு இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்தியாயிற்றா? சரி. நம் தெரு வள்ளியம்மாவின் பெரியப்பாதான் இந்தச் சன்னாசி. ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கூலியாட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து இரண்டாம் வருஷம்.

ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒட்டுப்பாலின் புளித்த வாடை. அதையும் மீறி இன்னொரு வாடை... முச்சந்தியிலிருந்து. அங்கே மூன்று மூங்கில் கம்பங்கள். கம்பத்துக்கு ஒரு தலை. முதல் இரண்டும் சிரம்பான் பக்கத்து ஆட்கள். மூன்றாவது, அவருடைய தோட்டத்து முருகையா.

முருகையாவின் தலை அங்கே ஏறியதற்குக் காரணம் சன்னாசியின் தலை.

மூன்று நாளைக்கு முன்னால், பெரட்டுக் களத்தில் காலை நேரம். ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராணுவ லாரி வந்து நின்றது. ஸ்டோரில் ஓர் அரிசி மூட்டை காணவில்லையாம். எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். முருகையா மட்டும் சற்றுத் தாமதித்தான். அவனை இழுத்து முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி ஏதோ கத்த, மொழிபெயர்ப்பாளன் உடைந்த மலாயில் மண்டோரைக் கேட்டான்: "திருடியது இவன்தானே?"

சன்னாசி தலையை ஆட்டினார்.

மேலும் கீழுமாக அல்ல. இரண்டு பக்கமும், லேசாக. இருபது வருஷம் வெள்ளைக்காரத் துரைகளின் முன்னால் பழகிய தலையாட்டல். 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது துரை' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அதிகாரி ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

வாயைத் திறந்து சொல்லச் சன்னாசிக்கு நேரம் இருந்தது. முருகையாவை மண்டியிட வைக்கும் வரை, அவன் சட்டைக் காலரைப் பின்னால் மடித்துவிடும் வரை, வாளின் மேல் தண்ணீர் ஊற்றும் வரை நேரம் இருந்தது. முருகையா அவரையே பார்த்தான்.

"மண்டோரே... சொல்லுங்க மண்டோரே..."

சன்னாசி தரையைப் பார்த்தார். ஈரத் துணியை உதறியது போல ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் யாக்கூப் பாயின் மளிகைக் கடையில் அதே பேச்சு.

"கொடுமைதான்லா. ஆனா ஒண்ணு பாரு, கம்பத்துல தலை ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து என் கடையில ஒரு வெல்லக்கட்டிகூட காணாப் போகல" என்றார் யாக்கூப்.

"காணாப் போறதுக்கு உங்க கடையில என்னா பாய் இருக்கு? மரவள்ளிக்கிழங்குதானே!" என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு. எல்லாரும் சிரித்தார்கள். சன்னாசியும் சிரித்தார்.

மறுநாள் ஸ்டோர் காவல்காரன் மாயாண்டி வந்து அவர் காலில் விழுந்தான். "அரிசிய நாந்தான் எடுத்தேண்ணே. கண்ண மூட முடியல."

சன்னாசி அவனை ராணுவ முகாமுக்கே அழைத்துப் போனார். மொழிபெயர்ப்பாளன் உள்ளே போய்த் திரும்பி வந்தான். "ஒரு திருட்டு. ஒரு தலை. வெட்டியாகிவிட்டது. முகாம் தப்பு செய்யாது. அதனால் இவன் திருடன் இல்லை" என்றான். மாயாண்டிக்கு ஒரு சிகரெட் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை. கம்பத்தில் ஒரு தலை குறைந்தால், தோட்டத்திலிருந்து ஒரு தலை ஏறும்.

முருகையாவின் பெண்டாட்டி பஞ்சாலையிடம் இதைச் சொன்னார்கள். அவள் அசையவில்லை.

"வெறும் முண்டத்த எப்படிண்ணே பொதைப்பேன்? நீங்க ஆட்டித்தானே போச்சு... நீங்களே கொண்டாங்க."

அதற்குத்தான் இந்த நாலரை மணி நடை.

கம்பத்தின் கீழே வந்து நின்றார். கிரீச்... கிரீச்... மேலே மூங்கில் முனகியது. காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

"முருகையா... என்னைய மன்னிச்சிட்டியாப்பா?"

தலை ஆடியது. இரண்டு பக்கமும். லேசாக.

ஆமாமா? இல்லையா? சன்னாசிக்குத் தெரியவில்லை. மூங்கிலை வளைத்துக் கயிற்றை அறுத்தார். கோணியில் தொப்பென்று விழுந்தது... வழி முழுக்க அவர் முதுகில் அது ஆடிக்கொண்டே வந்தது.

பஞ்சாலை அதை மடியில் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. மஞ்சள் தண்ணீரால் முகத்தைத் துடைத்தாள். எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு குனிந்து அதன் காதில் ஏதோ கேட்டாள். மடியில் தலை ஆடியது.

"என்னாம்மா கேட்ட?"

"உங்க எடத்துல மண்டோர ஏத்தட்டுமான்னு கேட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "இந்தத் தலையாட்டல் எனக்குப் புரியாதுண்ணே. உங்களுக்குத்தானே பழக்கம். ஆமாங்கிறாரா, இல்லங்கிறாரா?"

இந்தத் தடவை சன்னாசி உடனே வாயைத் திறந்தார். "இல்லங்கிறாரு."

"சரி" என்றாள் பஞ்சாலை.

ஏழு மணிக்கு ரோந்து லாரி முச்சந்திக்கு வந்தது. சிப்பாய் எண்ணினான். மூன்று தலைகள். லாரி போய்விட்டது.

எந்தத் தோட்டத்திலும் ஆள் குறையவில்லை.

தங்கராஜு முச்சந்தி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எவனோ புது ஆள்லா மண்டோரே. மூக்கு, மீசை எல்லாம் அச்சு அசல் நீங்கதான். நல்லவேளை, நீங்க இங்க நிக்கிறீங்க!"

சன்னாசி அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் கழுத்தைச் சுற்றி ஒரு வலி. எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். பேசிக்கொண்டிருக்கும்போதே, இல்லாத எறும்பை முகத்திலிருந்து தட்டிவிடுவார்.

நாலாம் நாள் மத்தியானம். நல்ல வெயில். பால் எடை போடும் கொட்டகையில் சுற்றிலும் ஆட்கள். சன்னாசி திடீரென்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது. அவர் மனைவி ராக்கம்மா பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைப் பிடித்தாள்.

"என்னாங்க... யாருங்க அடிச்சா?"

மிச்சமிருந்த கண்ணை அவர் மெல்லத் திறந்தார். எதிரே ராக்கம்மா இல்லை. கொட்டகை இல்லை. நல்ல உயரத்திலிருந்து, செம்மண் புழுதியோடு, ஆளில்லாத லாபு ரோடு தெரிந்தது...

முகத்துக்கு நேரே, அலகில் ரத்தத்தோடு, காக்கை இன்னும் பறந்து போகவில்லை.