ஆமைக்கு வைத்த கதவு

எழுபத்தொரு வயதிலும் ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம். எழுத்துதான் வராது. அதனால் நான் சொன்னதை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள், ஐயா. உங்களை மட்டும் நம்பாமல் இல்லை. யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

திகாம் பத்து என்ற ஊர்ப்பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை விற்றார்கள். தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. கோலா கெடாவில் இழுவலைப் படகொன்றில் வலை தைக்கச் சேர்ந்தேன். படுக்கையும் அதிலேதான். வேறு இடம் இல்லை.

மீன் இலாகா வலைக்குள் கம்பித் தடுப்பு வைக்கச் சொன்னது. ஆமை அதில் முட்டினால் மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். அதை ஆமைக் கதவு என்போம். இறாலும் அதில்தான் போகிறது என்றார் தவுக்கே, படகு முதலாளி. கதவைத் தைத்து மூடிவிட்டேன். இழுத்தால் உருவிக்கொள்ளும் தையல். சோதனைப் படகு தெரிந்தால் ஒரே இழுப்பு, கதவு திறந்துவிடும்.

குணாளன் எங்களோடு வேலை செய்தவன். வலை இறங்கும்போது திருட்டுத்தனமாக நூலை உருவிவிடுவான்.

"ஆமையும் வீட்டுக்கு பாலிக் போவணும்லா, மாமா," என்று சிரிப்பான்.

என்னை ஏமாளியாக்கியது பிடிக்கவில்லை. ஒரு நாள் அடியில் இறுக்கு முடிச்சாகப் போட்டு, மேலே பழைய நூலைச் சும்மா ஓட்டிவைத்தேன். அவன் உருவினான். கதவு திறந்ததாக நினைத்தான்.

அன்று பார்த்து, வலை இறங்கிய பிறகு, நளினி என்ற இலாகா அதிகாரி நடுக்கடலில் வந்து ஏறினார். தமிழ்ப் பெண். வலையின் வாய் மேலே வந்ததும் உள்ளே பெரிய ஆமை ஒன்று தெரிந்தது.

"வழி தெரியாம முட்டுது. உள்ள போயி கதவு வழியா தள்ளிட்டு, நானும் அதுலயே வந்துர்றேன்," என்றான் குணாளன். "கத்தி குடுங்க மாமா."

நளினி என்னைப் பார்த்தார். தையல் தெரிந்தால் லைசன்ஸ் போகும், படகு கரையில் கிடக்கும், நான் தெருவில் கிடப்பேன்.

"கதவு தொறந்துதான கெடக்கு. கத்தி எதுக்குலா?" என்றேன்.

இறங்கினான். அலை தூக்கியதில் வலை முறுக்கி வாய் மூடிக்கொண்டது. கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. வலைக் கயிறு மட்டும் மூன்று தடவை வெட்டி இழுத்தது.

"என்னங்கய்யா அது?" என்று நளினி கேட்டார்.

"ஆமை ஒதைக்குதும்மா."

கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. வலையை ஏற்றியபோது இரண்டும் அசையவில்லை. அவன் விரல்கள் என் முடிச்சில் மாட்டியிருந்தன.

கொலை என்று எழுதினால் கைநாட்டு வைக்க மாட்டேன். கதவு திறந்திருக்கிறது என்ற பொய்யை நான் அந்த அதிகாரிக்குத்தான் சொன்னேன். குணாளனிடம் நான் பொய் சொன்னதே இல்லை.